இடது பக்கத்து ஹப்

ஜீப்பின் வயிற்றைத் திறந்து காட்டச் சொல்லி மாமனார் காலையிலேயே மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த மருமகன் தூணோடு தூணாக நின்றான். அவன் மனைவி இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மாமனாருக்கு ஒரே பிடிவாதம். ஜீப் அவர் இருபது வருடம் ஓட்டி, பிறகு மகளுக்குக் கொடுத்தது. போன மாதம்தான் நெட்டை மெக்கானிக், முன்சக்கரங்களுக்கும் இழுவை தரும் அதன் ஃபோர்வீல் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்திருந்தான். பத்தே நாளில், கொட்டுகிற மழையில், மூச்சுத்திணறலோடு மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வண்டி சேற்றில் புதைந்தது. முன்சக்கரம் இழுக்கவில்லை. ஒரு டிராக்டர் வந்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே கோளாறு பெட்டியில்தான்.

“கியர்ல ஒரு பல்லு தேஞ்சிருந்தாலும் போதும், உன்னை இங்கேருந்து கிளப்பிடுவேன். இடத்துக்காரன் என் சிநேகிதன்.”

“பிரிச்சு வச்சிருக்கேன், ஐயா. நீங்களே பாருங்க. என் பல்லைவிட நல்லாருக்கு.”

“நக்கலா?”

“இந்த மாசம் ஷெட்டுக்குள்ள வந்த ஒரே வண்டி இதுதாங்க. நக்கல் பண்ற நிலைமையில நான் இல்ல.”

அது உண்மை. மாமனார் போகிற இடமெல்லாம் அவனைப் பற்றிச் சொன்ன சொல் நன்றாகவே வேலை செய்திருந்தது. நாலு வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் காய்ந்து கிடந்தது.

பெட்டியில் ஒன்றும் இல்லை என்று மருமகனுக்குத் தெரியும். அந்தக் காலத்து வண்டி. உள்ளே லிவரைத் தள்ளினால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் இழுவையெல்லாம் அந்தப் பக்கமே ஓடி வீணாகும். முன்சக்கரம் இரண்டும் சும்மா நிற்கும். கல்யாணம் ஆனதிலிருந்து வலது ஹப் அவனுடையது, இடது ஹப் அவளுடையது. சேறு வந்தால் ஆளுக்கொரு கதவு வழியாக இறங்குவார்கள். யார் முதலில் ஏறுவது என்று பந்தயம்கூட உண்டு. பெரும்பாலும் அவள்தான். அன்றைக்கும் அவன் இறங்கினான், தன் பக்கத்தைப் பூட்டினான், ஏறிக்கொண்டான். கை பழகிய வேலை அவ்வளவுதான்.

சாவு வீட்டிலேயே மாமனார் கேட்டார், “ஹப் பூட்டினீங்கல்ல, மாப்பிள்ளை?” என்று. பூட்டினேன் என்றான். அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் வண்டியைக் கழுவும்போதுதான் இடது ஹப் கண்ணில் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதையும் திருகிப் பூட்டி வைத்தான்.

மாமனார் குனிந்து ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினார். எதுவும் தட்டுப்படவில்லை. கோபம் தணிவதற்குப் பதில் ஏறியது.

“மாத்திட்டு நல்லதைக் காட்டுறான். இவன்கிட்ட என்ன பேச்சு.” செல்போனை எடுத்து இடத்துக்காரரின் எண்ணைத் தேடினார்.

மெக்கானிக் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தான்.

“மாமா, போன் வேண்டாம்,” என்றான் மருமகன். “இடது ஹப்பை நான் பூட்டல.”

“பூட்டினேன்னு சொன்னீங்களே.”

“ஒரு பக்கம்தான். அது அவ பக்கம். எனக்குத் தோணவே இல்ல.”

மாமனார் போனை மடியில் வைத்தார்.

“அவ இந்த வண்டியிலேயே வளந்தவ. ஞாபகப்படுத்தியிருப்பாளே.”

“பேச முடியல, மாமா. அவ பக்கத்துக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. மூச்சு முட்டுறதால தட்டுறதா நினைச்சேன்.”

மெக்கானிக் பையை விட்டுவிட்டு ஷெட்டின் மறுகோடிக்குப் போனான்.

“எவ்வளவு நேரம் தட்டினா?”

“நான் கையைப் பிடிச்சுக்கிற வரைக்கும்.”

மாமனார் எழுந்தார். விரல் எண்ணெயை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். “மூடிடுப்பா, நல்லாத்தான் இருக்கு,” என்று மெக்கானிக்கைப் பார்க்காமலே சொன்னார். வாசல்வரை போய் நின்றார்.

“ஜீப்பை நீயே வச்சுக்கோ,” என்றார் மருமகனிடம். பிறகு வெயிலில் இறங்கி, வீடு இருந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக நடந்தார்.