மேற்படி நபர் பற்றிய தகவல்

என் மண்டையை உடைத்தது என்னுடைய ஸ்டேப்ளர்தான். நூறு பக்கக் கட்டைக்கூட ஒரே குத்தில் குத்துகிற பெரிய ஸ்டேப்ளர், நல்ல இரும்பு. ஒரு பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒருவன் என் ஜெராக்ஸ் கடைக்குள் வந்தான். யாருடையதோ ஓர் அனுபவச் சான்றிதழில் தன் பெயரை ஒட்டிக் காப்பி எடுத்துத் தரச் சொன்னான். முடியாது என்றேன். அதோடு விட்டிருக்கலாம், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பினேன். பதினோரு தையல். இடது காதில் கேட்பது போயே போய்விட்டது. அவனுக்கு ஐந்து வருடம் கிடைத்தது. வழக்கு முடிந்ததும் ஸ்டேப்ளர் கோர்ட்டிலிருந்து கழுத்தில் சீட்டோடு திரும்பி வந்தது. இன்றைக்கும் நன்றாகத்தான் குத்துகிறது.

கடைவாசல் எனக்கு இடது பக்கம். மெஷின் சுவரோரம் இருந்ததால் காப்பி எடுக்கும்போது வாசல் கண்ணுக்குத் தெரியாது. முன்பெல்லாம் ஆள் வருவது காதுக்காவது தெரியும், இப்போது அதுவும் இல்லை. அதனால் மெஷினை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். முனகிக்கொண்டே நடுக்கடையில் வயர் இழுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அந்த வயரில் தடுக்கி, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்கிறார்கள்.

எனக்குப் பயம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவன் வெளியே வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் போதும், அந்த வாரம் வீட்டுக்காரரைக் கடையில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்காகவே சிறைத்துறையின் பாதிக்கப்பட்டோர் தகவல் பிரிவில் போய்ப் பதிந்துகொண்டேன். விண்ணப்பத்துக்கு மூன்று காப்பி கேட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா கடை வைத்திருக்கிறார், நன்றாக எடுத்துத் தருவார் என்று எனக்கே என் கடைக்கு வழி சொன்னார்கள்.

கடிதங்கள் ஒழுங்காக வந்தன. மேற்படி நபர் இரண்டாம் தொகுதியிலிருந்து நான்காம் தொகுதிக்கு மாற்றப்பட்டுள்ளார். மேற்படி நபர் தச்சு வேலையிலிருந்து புத்தகம் கட்டும் வேலைக்கு மாற்றப்பட்டுள்ளார். மேற்படி நபருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று அகற்றப்பட்டது. கட்டிய புருஷனின் பல்லைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. எங்கள் வீட்டில் அவனுக்கு மேற்படி என்றே பெயர் விழுந்துவிட்டது. "மேற்படி லெட்டர் வந்திருக்கு" என்று வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இரண்டு வரி கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். இத்தகவல் தங்களுக்கு மட்டுமே உரியது, பிறருக்குத் தெரிவித்தல் கூடாது என்பது ஒன்று. விடுதலை குறித்துப் பதினைந்து நாள்களுக்கு முன்பே தெரிவிக்கப்படும் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பேன்.

இரண்டாம் வருடம் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவின் சீருடை போட்டிருந்தாள். வயரைப் பார்த்துத் தாண்டி வந்தாள். அப்போதே கவனித்திருக்க வேண்டும், தரையைப் பார்த்தே நடக்கிறவள் என்று. பழைய பள்ளிச் சான்றிதழ் ஒன்றை நீட்டி ஒரு காப்பி கேட்டாள். பெயரைப் படித்தேன், மேற்படியின் பெயர். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கோர்ட்டில் எதிர் பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா.

"இது எதுக்கு இப்ப?"

"சும்மாதான் மேடம்."

சும்மா யாரும் ஜெராக்ஸ் எடுப்பதில்லை. அடுத்த வாரமும் அதே சான்றிதழோடு வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள்.

"மொத்தம் எத்தனைதான் வேணும்? ஒரே நாள்ல எடுத்துட்டுப் போயிடுங்களேன்."

அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவன் உயிரோட இருக்கானா அக்கா?"

மூன்றே வாரத்தில் நான் மேடத்திலிருந்து அக்கா ஆகியிருந்தேன். விஷயம் இதுதான்: சொந்தக்காரர் என்று யாரும் இல்லை என அவன் உள்ளே எழுதிக் கொடுத்துவிட்டான். இவளைப் பார்க்கவும் மறுத்துவிட்டான். வெட்கமோ வீம்போ, யாருக்குத் தெரியும். ஜெயில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

"எனக்குச் சொல்ல மாட்டாங்களாம். அடிபட்டவங்களுக்குத்தான் சொல்வாங்களாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, என் மண்டையை உடைச்சவன் சௌக்கியமா இருக்கானான்னு நான் உக்காந்து உங்களுக்குச் சொல்லணுமா? உங்க குடும்பத்துக்கு நான் என்ன போஸ்ட்மேனா?"

"தப்புதாங்க்கா" என்றாள். சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வயரைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அவன் பல் பிடுங்கிக்கொண்டது எனக்குத் தெரிகிறது, கூடப்பிறந்தவளுக்கு அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. என்ன ஏற்பாடோ இது. அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி தகவல் பிரிவின் பக்கம் திரும்பிவிட்டது.

ஜெராக்ஸ் கடையில் தினம் நடக்கிற ஒன்று உண்டு. காப்பியைப் பத்திரமாக வாங்கிக்கொள்வார்கள், ஒரிஜினலை மெஷின் மூடிக்கு அடியிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், ஒருமுறை விவாகரத்துத் தீர்ப்பு. அடுத்து வருகிறவர் மூடியைத் தூக்கினால் கண்ணில் படத்தான் செய்யும். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மறுபடி வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். அதற்கு முன்பே கடைசியாக வந்த இரண்டு கடிதங்களை மூடிக்கு அடியில் மறந்து வைத்திருந்தேன்.

"நீங்களே மூடியைத் தூக்கி வெச்சுக்குங்க. உள்ள போய்ப் பேப்பர் கட்டு எடுத்துட்டு வரேன்."

பேப்பர் கட்டு எடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது மூடி மூடியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுலயே அந்தப் பல்லு சொத்தைக்கா அவனுக்கு."

"எந்தப் பல்லு? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. கடிதம் வந்த வாரம் எனக்கு மறதி வரும். வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "சட்டம்னு ஒண்ணு இருக்குடி." "மறதின்னும் ஒண்ணு இருக்குங்க." உடனே அவர் டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், எங்கள் கல்யாண நாள் விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு.

நான்காம் வருடம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவன் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று நாள்காட்டியில் பார்த்து வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். அது அவள் வருகிற நாள் இல்லை. மணி இரண்டரை. அவளே மூடியைத் தூக்கி ஒரு தாளை வைத்து மூடினாள். நான் பட்டனை அழுத்தினேன். வெளியே வந்ததில் சான்றிதழ் இல்லை, கையெழுத்து இருந்தது.

அக்கா, அவன் நேத்து வீட்டுக்கு வந்துட்டான். நன்னடத்தைன்னு முன்னாடியே விட்டுட்டாங்க. உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. சொல்லலைன்னா தெரியட்டும்னு எழுதினேன்.

இந்தக் கடையில் நாங்கள் ஒருவருக்கொருவர் எதுவும் சொல்வதில்லையே, அதனால் எழுதியிருந்தாள். தகவல் பிரிவுக்குப் போன் போட்டேன்.

"கம்ப்யூட்டர்ல அவர் உள்ளதான் இருக்கார் மேடம்" என்றார் அங்கிருந்தவர், மிகவும் மரியாதையாக.

"வீட்ல சாப்பிட்டுட்டுத் தூங்கறானாம்."

"அப்படியா? நீங்க அதை எழுத்து மூலமா கொடுத்தீங்கன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்."

போனை வைத்தேன். வீட்டுக்காரர் ஏதோ கட்டடத்தின் உச்சியில் இருந்தார், அவர் போன் எடுக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிடலாமா என்று திரும்பினேன். அவள் இன்னும் போகவில்லை. வாசலை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கிளம்பலையா?"

"நாலு மணி வரைக்கும் இருக்கேங்க்கா. இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்றான். அவன் சொன்னா போதுமா? உங்களுக்கு இடது காது கேக்காதுன்னு அன்னிக்கு டாக்டர் கோர்ட்ல சொன்னாரே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த கோபத்தில் அவளிடமே எரிந்து விழுந்து, டீ வாங்கி வரச் சொன்னேன். பிறகு வேண்டாம், இங்கேயே இருங்கள் என்றேன்.

நான் நினைத்திருந்தபடி வீட்டுக்காரர் மறுநாளிலிருந்து ஒரு வாரம் கடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கினார். அவள் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, தினமும் இரண்டு மணிக்குமேல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இன்னிக்கு அவன் வேலை தேடிப் போயிருக்கான், இன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருக்கான் என்று தெருவைப் பார்த்தே சொல்வாள். தொகுதி எண் மட்டும்தான் சொல்லவில்லை.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. பழக்கதோஷத்தில் படித்துவிட்டு மூடிக்கு அடியில் வைத்தேன். அவள் எழுந்து வந்து, தூக்கி, முழுக்கப் படித்துவிட்டு மூடினாள்.

"மேற்படி நபர் வரப்போறாராம் அக்கா."

"எப்பவாம்?"

"போன வாரம் திங்கக்கிழமை."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வாசலில் ஒரு மாணவி வயரில் தடுக்கி உள்ளே வந்து, இதை எடுத்துவிடக் கூடாதா என்று கேட்டாள். நாலரை வருடமாக எல்லாரும் கேட்பதுதான். அவளுடைய காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வயரைப் பிடுங்கினேன்.

"அந்த ஓரத்தைப் பிடிங்க" என்றேன்.

இருவருமாக மெஷினைச் சுவரோரமாகப் பழைய இடத்துக்கே தள்ளினோம். அவள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வாசலைப் பார்க்காமல் நூறு பக்கம் காப்பி எடுத்தேன்.