நடுவில் கால் வைத்த கட்டில்

கடையில் அப்பா இரும்புக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோது சின்னவளுக்குப் போன் வந்தது. மருத்துவமனையிலிருந்து அக்கா.

“அம்மா போயிட்டாங்கடி. இப்பதான். அப்பாகிட்ட பக்குவமா சொல்லிக் கூட்டிட்டு வா.”

கண்ணாடி பதித்த பீரோக்கள் வரிசையாக நின்ற மூலைக்கு அவள் ஒதுங்கினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகமே தெரிந்தது. அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம்தான்.

வெளியூரிலிருக்கும் தம்பி அம்மாவுக்காக இருந்த இடத்திலிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பிய மெத்தை ஒரு மாதமாகக் கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஆறடிக்கு ஏழடி. அளவு கேட்க வேண்டும் என்று அந்த மகராசனுக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருந்ததோ ஒற்றைக் கட்டில். அது அப்பாவுடையது. கல்யாணமான நாளிலிருந்து அம்மா அதற்குப் பக்கத்தில் தரையில் படுத்தவள். இனி தரையே கூடாது, முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் அதட்டிய பிறகும் அப்பாவுக்குக் கடைக்கு வர இத்தனை நாள் ஆயிற்று. ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். யார் எது கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய்.

ஒரு பொருளாவது அம்மாவுக்கென்று இந்த மனிதர் வாங்கட்டும். பிறகு சொல்லலாம். அவரைப் பொறுத்தவரை அம்மா இன்னும் இருக்கிறாள், இருக்கும்போதே வாங்கட்டும். சின்னவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

“பெரிய மெத்தைங்க ஐயா,” என்றார் கடைக்காரர். “நடுவுல கால் இல்லன்னா ஆறே மாசத்துல தொய்ஞ்சுடும். இரும்பு வேண்டாம், அந்த மரக்கட்டிலப் பாருங்க.”

“ஆறு மாசமா?” அப்பா சிரித்தார். “அவ எலும்பும் தோலுமா கெடக்கா. அவளுக்கு நடுக்கால் ஒண்ணுதான் கொறைச்சல்.”

“அம்மாவுக்கு நல்லதா ஒண்ணு எடுத்தா என்னப்பா?”

“நான் வேண்டாம்னா சொன்னேன்? எத்தன நாளைக்குன்னு ஒரு கணக்கு வேண்டாமா?”

அங்கேயே சொல்லியிருக்கலாம், கணக்கு முடிஞ்சுபோச்சுப்பா என்று, முகத்தில் அடித்தாற்போல. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். அவ்வளவு சுலபமாக அவரை விட்டுவிட மனம் வரவில்லை.

“அந்த மரக்கட்டில்தான் வேணும்,” என்றாள். பிறந்ததிலிருந்து அவரிடம் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரக்கட்டிலின் பக்கம் போய்க் குனிந்தார். பலகைகளை விரல் முட்டியால் தட்டினார். நடுக்காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

“ஆணியா, போல்ட்டா?”

“போல்ட்டுதாங்க. நாலு பேர் ஏறிக் குதிச்சாலும் அசையாது.”

“எங்க வீட்டுல குதிக்கற வயசுல யாருமில்ல,” என்றார் அப்பா. “மெத்தையப் போடுங்க.”

கடைக்காரர் அதே அளவு மெத்தை ஒன்றை இழுத்துப் போட்டார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி மல்லாந்து படுத்தார். இரண்டு தரம் புரண்டார். கட்டில் முனகக்கூட இல்லை.

“இதுவே இருக்கட்டும். பில்லப் போடுங்க.”

கடைக்காரர் உள்ளே போனார். ஜெயித்துவிட்டாள் சின்னவள். இனிச் சொல்ல வேண்டியதுதான். எந்த வார்த்தையில் சொன்னால் அவருக்கு அதிகம் வலிக்கும் என்றுகூட அவள் யோசித்துவிட்டாள்.

“நான் இந்தப் பக்கம் படுத்துக்கறேன்,” என்றார் அப்பா, கூரையைப் பார்த்தபடி. “அவ செவுத்துப் பக்கம். அங்கன்னா விழ மாட்டா.”

காலியாக இருந்த பாதியில் கையை நீட்டித் தடவினார்.

“இத்தன வருஷமா மேலேர்ந்து காலாலதான் அவள எழுப்பிட்டிருந்தேன். அவளும் ஒண்ணும் சொன்னதில்ல. இதுல கை எட்டுது பாரு.”

யோசித்து வைத்திருந்த வார்த்தை எதுவும் சின்னவளுக்கு உதவவில்லை.

“அப்பா, எழுந்திரிங்க,” என்றாள்.

அவர் எழவில்லை. அம்மாவுக்கு இடம் போதுமா என்று பார்ப்பவர்போல இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து படுத்தார்.