கேக்காம வெட்டுன சீட்டு

"மேடத்துக்குக் கால் எட்டுமா சார்?"

ஷோரூம்காரர் இதை என்கிட்ட கேக்கல. என் பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாரு. வண்டி வாங்க வந்தவ நான், ஓட்டப் போறவ நான், ஆனா என் காலைப் பத்தி விசாரணை மட்டும் அவர்கிட்ட!

என் வீட்டுக்காரருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. அவர் தையல்காரர். வீட்டு முன்னறையில மெஷினைப் போட்டுக்கிட்டு பேண்ட்டைக் குட்டையாக்குறது, இடுப்பைப் பிடிக்குறது, ஜிப்பு மாத்துறதுன்னு ஆல்ட்டர் வேலை பாக்குறாரு. வண்டியில அவருக்குத் தெரிஞ்ச ஒரே இடம் பின் சீட்டு. கல்யாணம் ஆன நாள்லேருந்து என் ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்துதான் வர்றாரு. சிக்னல் வந்தா அந்த நெட்டைக் கால் ரெண்டையும் கீழ ஊணிக்குவாரு, பச்சை விழுந்தா எடுத்து மேல வச்சுக்குவாரு. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகும் போல, பாவம்னு நானும் விட்டுடுவேன்.

"எனக்கு வாய் இருக்குங்க, என்னையே கேளுங்க"ன்னேன்.

ஷோரூம்காரர் சிரிச்சு மழுப்புனாரு. "கோவிச்சுக்காதீங்க மேடம். இது கனமான வண்டி. உங்களுக்கு அந்தப் பக்கம் அழகழகா ஸ்கூட்டர் வந்திருக்கு. ரோஸ் கலர்லகூட இருக்கு."

ரோஸ் கலராம்! எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

நான் டவுன் பஸ் ஓட்டுறவ. டிப்போல என்னைக் கடுகுன்னு கூப்பிடுவாங்க. ஆளும் அந்த அளவுதான், சூடு பட்டா பொரியுறதும் அப்படித்தான். ஆபீஸ் நேரத்துல மூச்சு விட இடமில்லாம ஜனங்களை அடைச்சுக்கிட்டு, படியில தொங்குறவனையும் சேர்த்துக்கிட்டு, சந்து பொந்தெல்லாம் திருப்பி ஓட்டுறேன். அவங்கள்ல ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "டிரைவரம்மா, உங்க கால் தரையில எட்டுமா?"ன்னு கேட்டிருப்பாங்களா? பிரேக்குக்கு எட்டுனா போதும்ல? அத்தனை உசிரை நம்பி என் கையில குடுக்கலாமாம், ஒரு மோட்டார் சைக்கிளைக் குடுக்க மட்டும் யோசனையாம்.

நீள ரோட்டுக்குன்னே செய்யுற க்ரூஸர் பைக்குதான் வேணும்னு நான் ஏதோ வீம்புக்குப் பிடிவாதம் பிடிக்கல. பஸ்ஸுல உட்கார்ந்துக்கிட்டு நாள் முழுக்க நின்னு நின்னு போறவளுக்கு, நிறுத்தமே இல்லாத ஒரு நீள ரோட்டுல போகணும்னு ஆசை. அதுக்கு ஸ்கூட்டர் தாங்காது, ஒரு லாரி உரசிக்கிட்டுப் போனாலே ஆடிப் போயிடும். க்ரூஸர் அசையாது. அதுல சீட்டும் தாழ்வுதான். கஷ்டம் என்னன்னா சீட்டு அகலம், வண்டி கனம். எங்க டிப்போ டைம் கீப்பர் இதே வண்டிதான் வச்சிருக்காரு. அவர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி டிப்போ மைதானத்துல ஓட்டிப் பழகினேன். நேரா உட்கார்ந்தா ரெண்டு பக்கமும் நுனிக்கால்தான் எட்டும். இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினா இடது பாதம் முழுசாப் பதியும். நிறுத்த ஒரு கால் போதும். சரிவுல வண்டி மூக்கை இறக்கத்தைப் பார்த்து விடாம நிறுத்தினா, எடுக்கும்போது பின்னாடி தள்ள வேண்டிய வேலையும் இல்ல. இவ்வளவும் பாத்துதான் வந்திருக்கேன்.

ஷோரூம் வாசல்ல அதே மாதிரி ஓட்டிக் காட்டினேன். திரும்பி வந்து, இடுப்பை நகர்த்தி, ஒரு காலை ஊணி நிறுத்தினேன். அதுக்கு அப்புறமும் அந்த மனுஷன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எதுக்கும் சார், ரெண்டு காலும் பதிஞ்சாதான் பாதுகாப்பு"ன்னாரு. இவரும் தலையை ஆட்டினாரு. அந்தத் தலையாட்டலை நான் அப்பவே கவனிச்சிருக்கணும். வண்டி கிடைக்கப் போற சந்தோஷத்துல விட்டுட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்துச்சு. கறுப்பு. சத்தம்னா அப்படி ஒரு சத்தம், வயித்துக்குள்ள உறுமுது. நான் கிளம்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கழுத்துல இன்ச் டேப்போட வாசல்ல நிப்பாரு. திரும்பி வரும்போதும் அதே இடத்துல நிப்பாரு. மாடி வீட்டுல ஒரு பெரியவர் இருக்காரு. தெருவுல யார் என்ன செஞ்சாலும் மேல நின்னு தீர்ப்பு சொல்றதால அவருக்கு ஜட்ஜுன்னு பேரு. அவரும் பால்கனியில ஆஜராயிடுவாரு. "ஏம்மா, ஏணி வச்சு ஏறுறியா?"ம்பாரு. நான் காதுல போட்டுக்க மாட்டேன்.

நடுவுல என்னை வேற ஊர் டிப்போவுக்குப் புது பஸ் பயிற்சின்னு அனுப்பிட்டாங்க. வண்டியை வீட்டுல விட்டுட்டுப் போனேன். பயிற்சியை முடிச்சுட்டு சாயங்காலம் வீடு திரும்புறேன், வாசல்ல என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லா நிக்குறாரு. பக்கத்துல தெருமுனை மெக்கானிக், கையைத் துணியில துடைச்சுக்கிட்டு.

"ஏறி உட்காரு, ஏறி உட்காரு"ன்னாரு இவர்.

உட்கார்ந்தேன். ரெண்டு பாதமும் சப்புன்னு தரையில பதிஞ்சுச்சு. முழங்கால் மடங்கி, ஏதோ முக்காலியில உட்கார்ந்த மாதிரி ஆயிடுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு.

"பின் சக்கரத்துக்குக் குட்டையான ஷாக் அப்சார்பர் மாட்டி வண்டியை இறக்கிட்டேன் அண்ணி. சீட்டு ஸ்பாஞ்சை அண்ணனே வெட்டித் தைச்சாரு"ன்னாரு மெக்கானிக், பெருமையா.

தையல் என்னமோ கண்ணுல ஒத்திக்கலாம் போலதான் இருந்துச்சு. அதுதான் இன்னும் வயித்தெரிச்சல். என் வண்டியை, நான் பார்த்துப் பார்த்து எடுத்த வண்டியை, நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து!

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"உனக்காகத்தானம்மா..."

"இப்பதான் வண்டி ஆளுக்கேத்த மாதிரி இருக்கு!"ன்னு பால்கனியிலேருந்து ஜட்ஜ் கை தட்டுனாரு.

அத்தனை பேர் பாக்குறப்ப என்ன பேசுறது? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு போனேன். தெருக்கோடி ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்குனதும் அடியில கர்ர்ருன்னு சத்தம். சைலன்சர் தரையில தேயுது. திருப்பத்துல சாய்ச்சா பக்கவாட்டுல இடிக்குது. பஸ் மாதிரி கனத்தை வச்சுக்கிட்டு, பொம்மை வண்டி உயரம் ஆக்கி வச்சிருக்காங்க.

திரும்பி வந்து சைடு ஸ்டாண்டைப் போட்டு நிறுத்திட்டு, ரெண்டு எட்டு கூட வைக்கல. பின்னாடி தடால்னு ஒரு சத்தம். வண்டி ஸ்டாண்டுக்கு எதிர்ப் பக்கமா சாஞ்சு குப்புறக் கிடக்கு. கண்ணாடி நொறுங்கிப் போச்சு, பிரேக் பிடி வளைஞ்சு போச்சு.

தெருவே கூடிடுச்சு. ஜட்ஜ் படியிறங்கி வந்தாரு, அவர் கீழ இறங்குறதே அதிசயம். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? ஆளு இத்துனூண்டு. எட்டாத வண்டி எதுக்கு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எனக்கு அந்த நிமிஷம் விஷயம் புரிஞ்சு போச்சு. வண்டியை இறக்குனாங்களே தவிர, ஸ்டாண்டை யாரும் தொடல. வண்டி குட்டை ஆயிடுச்சு, ஸ்டாண்டு மட்டும் பழைய நீளம். அதனால வண்டி ஸ்டாண்டு பக்கம் சாயாம நட்டுக்குத்தலா நின்னிருக்கு, லேசா அசைஞ்சதும் எதிர்ப் பக்கம் விழுந்துடுச்சு. மெக்கானிக்கும் குனிஞ்சு பாத்தாரு. என் வீட்டுக்காரர் காதுல போய் என்னமோ சொன்னாரு. இவர் முகம் வெளுத்துப் போச்சு.

சரி, இப்ப வாயைத் திறப்பாருன்னு நான் நிக்குறேன். எல்லாரும் என் காலைப் பாக்குறாங்க. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, ஜட்ஜைப் பார்த்து, "விடுங்க சார். அவளுக்குப் பழக்கம் இல்ல. போகப் போகச் சரியாயிடும்"ன்னாரு.

சத்தியமா சொல்றேன், வண்டி விழுந்தப்பகூட எனக்கு அப்படி வலிக்கல.

உள்ள போனதும் கடுகு பொரிஞ்சுச்சு. "கஸ்டமர் கண்ணாடி முன்னாடி போட்டுக்கிட்டு நின்னு, சரின்னு சொன்னாதான் கத்திரியை எடுப்பேன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பீத்திக்குவீங்களே? அவசரம்னு துணியை விட்டுட்டுப் போறேன்னு சொன்னவரைத் திருப்பி அனுப்புனீங்களே? யாரோ ஒருத்தர் பேண்ட்டுக்குக் குடுக்குற மரியாதையை எனக்குக் குடுக்கலயே நீங்க!"

அவர் மெஷின் முன்னாடி தலையைக் குனிஞ்சு உட்கார்ந்தாரு. "பயமா இருந்துச்சு. நீ விழுந்துடுவியோன்னு ஒவ்வொரு தடவையும்..."

"நான் விழுந்தேனா? நீங்க செஞ்ச வேலை விழுந்துச்சு. பழியை மட்டும் தூக்கி என் தலையில போட்டீங்க. அந்த ஆளு முன்னாடி!"

திருதிருன்னு முழிச்சாரு.

"எல்லாம் பழையபடி ஆகணும். ஷாக், சீட்டு எல்லாம். மேல இருக்குற ஜட்ஜ்கிட்ட நடந்ததை நீங்களே சொல்லணும். அதுவரைக்கும் நான் டிப்போவுக்கு நடந்து போய்க்குறேன்"ன்னேன். நடந்தும் போனேன்.

ஷாக்கை மெக்கானிக் சத்தம் போடாம மாத்திக் குடுத்தாரு. கண்ணாடியும் பிரேக் பிடியும் புதுசாச்சு. வெட்டுன ஸ்பாஞ்சை ஒட்ட முடியாதே. இவர் புது ஸ்பாஞ்சு வாங்கிட்டு வந்தாரு. அதை வண்டியில வச்சுக் கட்டிட்டு, சமையலறை வாசல்ல வந்து நின்னு, "கொஞ்சம் வந்து உட்கார்ந்து பாக்குறியா? எங்க இடிக்குதுன்னு நீ சொல்லு"ன்னாரு. கையில சாக்பீஸ் இருந்துச்சு.

போய் உட்கார்ந்தேன். "இங்க, தொடைகிட்ட மட்டும் அகலத்தைக் கொஞ்சம் குறைங்க. உயரத்துல கையே வைக்கக் கூடாது"ன்னேன். நான் காட்டின இடத்துல மட்டும் கோடு போட்டாரு. அதுக்கு அப்புறமும், "வெட்டட்டுமா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டுதான் வெட்டுனாரு.

மறுநாள் காலையில வாசல்ல நின்னுக்கிட்டு பால்கனியைப் பார்த்தாரு. "சார், அன்னைக்கு வண்டி விழுந்தது இவளால இல்ல. நான் இவளைக் கேக்காம வண்டியை இறக்கிட்டேன். அதனால விழுந்துச்சு. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஜட்ஜ் பேப்பரை மடிச்சாரு. "சரி சரி, எப்படியோ. பார்த்து ஓட்டச் சொல்லு"ன்னாரு. அவரெல்லாம் திருந்துற ஜென்மமே இல்ல. எனக்கு அவர் முக்கியமும் இல்ல.

"ஏறுங்க"ன்னேன் இவர்கிட்ட. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஏறுனாரு. ஸ்பீடு பிரேக்கர்ல சத்தமே இல்ல. மெயின் ரோட்டுக்கு வந்தோம்.

முதல் சிக்னல்ல சிவப்பு விழுந்துச்சு. இடுப்பை நகர்த்தி இடது பாதத்தை ஊணினேன். வர வேண்டிய கனம் என் காலுக்கு வரல. பாதியை வேற யாரோ வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தேன். எனக்கு ரெண்டு பக்கமும் அவரோட நெட்டைக் கால். முழங்கால் விறைச்சு, செருப்புக்குள்ள விரலெல்லாம் மடங்கி, தரையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

கால் மரத்துப் போச்சுன்னுல்ல நினைச்சேன் இத்தனை வருஷமா! ஸ்கூட்டர்ல போன ஒவ்வொரு சிக்னல்லயும் இந்த மனுஷன் என்னையும் சேர்த்துத் தாங்கிக்கிட்டு வந்திருக்காரு. நான் ஓட்டுறேன், நான் நிறுத்துறேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்கேன். ஆத்திரமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

"காலை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க."

"சாஞ்சுட்டா?"

"பஸ்ஸுல ஏறுனா ஜன்னல் வழியா காலை விட்டு ரோட்டுல ஊணிக்குவீங்களா? எடுங்க!"

பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. இவர் முதல்ல வலது காலை எடுத்தாரு. ரொம்ப யோசிச்சு இடது காலையும் எடுத்தாரு. கனம் மொத்தமா என் பாதத்துல இறங்குச்சு. வண்டி, அவர், நான், எல்லாம் சேர்ந்து. தொடை லேசா நடுங்குச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வண்டி அசையல.

"நிக்குது"ன்னாரு, மெதுவா.

"நிக்கும்"ன்னேன்.

பச்சை விழுந்துச்சு, போனோம். அடுத்த சிக்னல்லயும் சிவப்புதான். நான் காலை ஊணினேன், அவரை எதுவும் சொல்லல, குனிஞ்சும் பார்க்கல. கனம் முழுசா எனக்கே வந்துச்சு.