நாலு மணி வெயில்

காலை ஒன்பது மணிக்குத் தங்கச்சி என் ஸ்டுடியோவுக்கு வந்தபோது வடக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. நல்ல வெளிச்சம் என்றால் என் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: பருவும் தழும்பும் அடங்கி முகம் வழவழப்பாகத் தெரிய வேண்டும். "இருக்கிற மாதிரியே எடுங்க" என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இவள் கேட்டாள்.

கதவைத் தாழிட்டுவிட்டுக் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினாள். பெல்ட்டால் அடித்த தடம், மூன்று வரி. ஆறு நாளாகிவிட்டதால் சிவப்பு போய்த் தடிப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"போன்ல எடுத்தேன். ஒண்ணுமே தெரியலைன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"அவர்தான் கூட்டிட்டுப் போனார். மாடிப்படியில நான் விழுந்ததா எழுதி வாங்கிட்டார்."

அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேறித் தோழி வீட்டில் தங்கியிருக்கிறாள். என் வீட்டுக்கு வரவில்லை. நாலு வயதுப் பெண் குழந்தை மாப்பிள்ளையிடம் இருக்கிறது. நாளைக் காலை கோர்ட்டில் அடித்ததைக் காட்டினால்தான் குழந்தை இவளுக்கு.

வடக்கு ஜன்னலில் எடுத்துப் பார்த்தேன். கை பூப்போல இருந்தது. பாழாய்ப்போன வெளிச்சம்.

"லைட் போட்டு எடுக்கவா?"

"வேண்டாம். லைட்டை வச்சு ஜோடிச்சதுன்னு சொல்லுவாங்களாம்."

பன்னிரண்டு மணிக்குக் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேராக இறங்கியது. அதில் தோல் வெளுத்து எல்லாம் ஒன்றாகிவிட்டது. இனி மேற்கு ஜன்னல்தான். நாலு மணி வெயில் அதில் படுத்துக்கொண்டு வரும். மேசைமேல் ஒரு அரிசி கிடந்தாலும் நிழல் விழும். எதிர்க் கட்டடம் மறைக்கும்வரை பத்து நிமிஷம் கிடைக்கும். வாடிக்கைக்காரர்கள் வெளியே கதவைத் தட்டித் தட்டிப் போனார்கள். ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி தின்றோம். அவள் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. நானாகப் பேச எனக்குப் பயமாக இருந்தது.

மேகம் வந்துவிடுமோ என்று மூன்றரையிலிருந்தே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. வெயில் சுவரில் ஊர்ந்து அவள் தோளைத் தொட்டதும் மூன்று வரியும் எழுந்து நின்றன, பெல்ட்டின் கொக்கி பட்ட இடம்கூட. ஒன்பது படம் எடுத்தேன்.

"தெரியுதா?" என்றாள்.

"நல்லாத் தெரியுது."

பையிலிருந்து ஒரு படத்தின் நகலை எடுத்து என்முன் வைத்தாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. சந்தோஷமா வாழ்ந்தோம்னு அவர் தரப்புல கோர்ட்டுக்குக் கொடுத்திருக்காங்க."

போன வருஷம் நான் எடுத்த குடும்பப் படம். மாப்பிள்ளை, குழந்தை, சிரிக்கிற என் தங்கச்சி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்திருந்தேன். அன்று அவள் இடது கன்னம் வீங்கியிருந்தது. வடக்கு ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டி, நிழல் விழாதபடி வலது பக்கம் வெள்ளைப் பலகை வைத்து, அவளைக் கொஞ்சம் திரும்பச் சொன்னேன். "உங்க கைக்கு மோதிரம் போடணும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு கேவலமானவன் நான்.

"நாளைக்கு வந்து சொல்றேன்மா. கன்னம் வீங்கியிருந்துச்சு, நான்தான் மறைச்சேன்னு."

"உங்களுக்கு அது அடின்னு தெரியுமான்னு கேப்பாங்க."

கேமராவை மேசைமேல் வைத்தேன்.

"அன்னிக்கு அவர் வண்டியை நிறுத்தப் போனப்ப, பாத்தியா அண்ணான்னு கேட்டேனே. நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

எதிர்க் கட்டடத்தின் நிழல் ஜன்னலில் ஏறிவிட்டது. எனக்கு ஞாபகம் இருந்தது.

"வாயால சொல்லு. நாளைக்கு அங்கேயும் சொல்லணும்."

சொன்னேன். "கவலைப்படாதே, போட்டோவுல தெரியாது."