திருமூர்த்தி வீட்டு வாசலில் ஒரு இருமல்

1

இந்தக் கதை ஒரு இருமலில் பிறந்தது. யாருடைய இருமல் என்பதைத் தள்ளிப்போடத்தான் இத்தனை பத்தி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திருமூர்த்தி என் பள்ளித் தோழன், சூலூரில் விசைத்தறி வைத்திருக்கிறான். அவன் அக்கா கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி இருபது நாள் ஆகியிருந்தது. உடம்பு அதை விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தார்கள். (கிருமி நுழைந்தாலும் பல நேரம் காய்ச்சல்கூட அடிக்காதாம். உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே புகை தெரியாது என்றார் டாக்டர்.)

2

அவனுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்று எழுதிப் பார்த்தேன். முதல் தொடக்கம்: 'ஜன்னல் விளிம்பில் புறா எச்சம் காய்ந்து' – அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'பல்லடத்துக் கோழிப்பண்ணைத் தூசி காற்றில்' – இதுவும் போச்சு.

இரண்டிலும் பாதி வரியில், கதவுக்கு வெளியே யாரோ இருமுகிறார்கள். சத்தியமாக நான் எழுதவில்லை. அடித்தால் அடுத்த தாளில் வந்து இருமுகிறார்கள்.

3

யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எங்கள் பக்கம் நடக்கிற காரியமா அது? போய்ப் பார்க்காவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். வந்தவரை வாசலோடு அனுப்பினால் அதைவிட மோசம். அதனால் அவன் மனைவி அன்புச்செல்வியைக் கதையில் கறாரானவளாக மாற்றி, 'வராதீங்க' என்று சொல்ல வைத்தேன். திருப்பிப் படித்தால் தாளில் இருந்தது இது:

"ஏனுங்ணா, வெளியவே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

காப்பி குடிக்க மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். கழற்றினேன்.

['கழற்றினார்' என்று எழுதத்தான் நினைத்தேன்.]

4

முடிவு ஒன்று: அவன் பிழைத்து வந்து, தறியை ஓடவிட்டு, என்னைப் பார்த்து

முடிவு இரண்டு: வேண்டாம். கை வரவில்லை. நுரையீரலில் கிருமியோடு ஐசியூவில் அவனுக்கு இது ஆறாம் நாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

5

இப்போது அன்புச்செல்வி போனில் இருக்கிறாள்.

"அண்ணா, சளி டெஸ்ட் ரிசல்ட் வர ரெண்டு நாளாகுமாமுங்க. அதுக்குள்ள என்ன மருந்துன்னு முடிவு பண்ணோணுமாம். ஊட்டுக்கு வந்தவங்கள்ல யாருக்காச்சும் சளி, இருமல் இருந்துச்சான்னு டாக்டர் கேக்கறாருங்க. எல்லாருத்தையும் கேட்டுப்போட்டேன், யாருக்கும் இல்லீங்களாம். உங்களுக்கும் ஒண்ணும் இல்லீங்கள்ல?"

அவள் காத்திருக்கிறாள். மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், என் கைக்கு 'இல்லை' என்றுதான் வருகிறது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம்.

"அம்மணி, அன்னிக்கு எனக்கு