நாலு விரற்கடை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கோகுல்நாத் வந்துவிடுவான். நாலு மாதமாக இதே கதைதான். கோந்த்வாவில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அவன் படியேறி வரும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் மண்டும். எரிச்சல் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உள்ளதைச் சொன்னால் பயம்.

அவன் போலீஸில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவன். துப்பாக்கியும் தோட்டாவும் என் பொறுப்பு. பட்டாளத்தில் இருபது வருஷம் இதையே பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். இந்த மராட்டி ஊரின் ஆயுதக் கிடங்கில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு நான் மாடசாமி அண்ணாச்சி.

தோட்டாவில் இரண்டு வகை. சீல் வைத்த பெட்டியில் ஃபாக்டரியிலிருந்து வருவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தைத் தனியாக நிறுத்து நான் கையால் கட்டுவது இன்னொன்று. ஃபாக்டரித் தோட்டா பத்து சுட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். என்னுடையது பத்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கைத்தோட்டா பயிற்சிக்கும் போட்டிக்கும்தான், நிஜச் சம்பவத்துக்கு சீல் வைத்த பெட்டி மட்டுமே என்பது விதி. நாங்கள் காகிதத்தில் ஃபாக்டரி என்று எழுதிவிட்டு, என் தோட்டாவைத்தான் அனுப்புவோம். கோகுல் துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பும் என் தோட்டாவுக்கென்றே திருத்தி வைத்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஏரவாடாப் பக்கம் ஒருவன், அண்ணன் பெண்டாட்டியின் கழுத்தில் கத்தியை வைத்து, அவளைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு கதவோரம் நின்றான். அவள் பெயர் லீலா. கோகுலின் ஆட்கள் கிளம்பும் நேரத்தில், பெரிய அதிகாரி நேரில் வருகிறார், தோட்டாப் பெட்டியைப் பார்ப்பார் என்று போன் வந்தது. எனக்கு ரிடையராக ஒரு வருஷம்கூட இல்லை. கை கால் ஓடவில்லை. கோகுலின் பெட்டியில் இருந்த என் ஐந்து தோட்டாவையும் உருவிவிட்டு ஃபாக்டரித் தோட்டாவை வைத்தேன். அடுத்து ஸ்கோப்பைத் திருத்த வேண்டும். அதற்குள் மறுபடியும் போன். பேசிவிட்டு வந்து பார்த்தால் வேன் போய்விட்டது.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஸ்கோப்பைத் திருத்த அவனுக்கு இரண்டு நொடி போதும். சொன்னால் நான் பயந்துபோய் மாற்றினது தெரிந்துவிடும் என்று கூசினேன். குண்டு நாலு விரற்கடை கீழே இறங்கும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நாலு விரற்கடையில் லீலாவின் நெற்றி இருந்தது.

செத்த பிறகும் அவள் என்னை விடவில்லை. போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், பச்சைப் புடவை. கேம்ப் ஏரியாவில் பஸ்ஸுக்கு நின்றால் பக்கத்தில் நிற்கிறாள். மருந்துத் தராசைத் துடைக்க உட்கார்ந்தால் எதிரே வந்து உட்காருகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

விசாரணையில் காகிதத்திலும் ஃபாக்டரி, பெட்டியிலும் ஃபாக்டரி என்று எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்படியானால் பிழை சுட்டவன் கையில்தான் என்று தீர்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கடைசி விசாரணை. கோகுலுக்கு வேலை போகும், வழக்கும் வரலாம்.

இந்த ஞாயிறும் வந்தான். என் மனைவி பவுன் காப்பி கொடுத்தாள். டம்ளர் அவன் கையில் நடுங்கியது. நாலு மாதத்துக்கு முன்னால் அந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, அன்னிக்கு என் கை ஆடிடுச்சா?"

வாராவாரம் இதே கேள்வி. "எனக்கு எப்படில தெரியும்? நானா அங்க நின்னேன்?" என்று வழக்கம்போல எரிந்து விழுந்தேன்.

"செவ்வாய்க்கிழமை ஆமான்னு சொல்லிடறேன். கை ஆடிச்சு, அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

அவன் நாற்காலிக்குப் பின்னால் பச்சைப் புடவை தெரிந்தது. இதற்கு மேல் என்னால் முடியாது என்று தோன்றியது.

"ஆடலைல. தோட்டாவ மாத்துனது நான்," என்றேன். போன் வந்தது, வேன் போனது, கூப்பிடாமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பவுன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

கோகுல் டம்ளரைக் கீழே வைத்தான். "தெரியும்," என்றான். "லோட் பண்ணும்போதே பாத்தேன். உங்களுது தேச்சு பளபளன்னு இருக்கும். இது மங்கலா இருந்துச்சு."

"பொறவு ஏம்ல அப்படியே சுட்ட?"

"தோட்டாவ மாத்தினவர் ஸ்கோப்பையும் மாத்தியிருப்பார்னு நெனச்சேன். அண்ணாச்சி கை வெச்சதுல நான் என்னிக்குமே செக் பண்ணினதில்ல."

பவுன்தான் கேட்டாள். "விசாரணையில இத ஏன் தம்பி சொல்லல?"

"அண்ணாச்சியே சொல்வார்னு ஒவ்வொரு சண்டேவும் வந்தேன் அக்கா." என் பக்கம் திரும்பினான். "செவ்வாய்க்கிழமை அங்க வந்து சொல்வீங்களா?"

"சொல்லுதேன். ஒம்பதுக்கெல்லாம் வந்துருவேன்."

"எட்டு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு வழி தெரியாதால? வாரேன்னா வாரேன்."

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"இல்ல அண்ணாச்சி. இந்தத் தடவை நான் செக் பண்ணிக்கறேன்."