செல்லிப்பட்டில் கேட்ட கடல்

செங்கடலில் இன்றைக்கு அலை எவ்வளவு உயரம் என்று செல்லிப்பட்டில் இரண்டு பெண்களுக்குத் தெரியும். ஒருத்தி ஜோஸ்பின், இன்னொருத்தி அவள் மாமியார் ரோசம்மாள். ஊர் ஓரமாக ஓடும் சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் இரண்டு பேரும் யோசித்துத்தான் சொல்வார்கள்.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் ஜோஸ்பின் சமையல் மேடையில் செல்போனைச் சாய்த்து வைப்பாள். அந்தக் கடலுக்கு அக்கரையில் யாரோ ஒருவர் தன் மொட்டைமாடியில் ரேடியோ ஒன்றை வைத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் வருவதை இன்டர்நெட்டில் கேட்கட்டும் என்று விட்டிருந்தார். திரையில் ஒரு நீலப் பட்டை ஓடும். அதை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்துவாள். முதலில் முறத்தில் மணலைப் புடைப்பது போல ஒரு சத்தம். பிறகு அதற்குள்ளிருந்து அவள் புருஷன் பாக்யராஜின் குரல் வரும். ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி. காற்று வடமேற்கிலிருந்து. அலை இரண்டு மீட்டர். இன்ன இடத்தில் கண்ணிவெடி மிதப்பதாகச் சந்தேகம், கப்பல்கள் விலகிப் போகவும்.

பாக்யராஜ் அந்தக் கடலோரத்து நாடு ஒன்றில், ஒரு துறைமுக ஊரின் வயர்லெஸ் நிலையத்தில் டெக்னீஷியன். கப்பல்களுக்கு வானிலை சொல்வதும், ஆபத்தென்று கூப்பிடும் கப்பலுக்குப் பதில் கொடுப்பதும் அந்த நிலையத்தின் வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவன் வேலை. வாயைத் திறக்க வேண்டியதில்லை. சண்டை தொடங்கியதும் எல்லாம் மாறிப்போனது. கடலில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது தன் கைக்குள் இருக்க வேண்டும் என்று ராணுவம் கரையோர நிலையங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது. வேலை செய்தவர்களின் போன்களைப் பிடுங்கி வைத்தது. மைக்கில் படிக்கிறவர்கள் கிடைத்த வழியில் ஓடினார்கள். பாக்யராஜை மட்டும் விடவில்லை, அந்தப் பழைய மெஷின் அவனுக்குத்தான் அடங்கியது. ஆங்கிலமும் தெரியும் என்றானதும் மைக்கையும் அவன் முன்னால் வைத்தார்கள். எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு சொல் பேசக்கூடாது.

இதையெல்லாம் சொன்னவன் புகழ்வேந்தன். பக்கத்துத் திருக்கனூர்க்காரன், பாக்யராஜோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், இப்போது சரக்குக் கப்பலில் அதிகாரி. நிலையத்திலிருந்து தப்பிய ஒருவர் அவன் கப்பலில் ஏறியிருந்தார். போனில் ரேடியோ கேட்க ஜோஸ்பினுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

முதல் நாள் அந்தக் குரல் வந்தபோது அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று நினைத்தாள். சில நாள் அது போதுமாகவும் இருந்தது. அவனுக்குச் சளி பிடித்திருக்கிறதா, ராத்திரி தூங்கினானா என்பதெல்லாம் அந்தக் காற்றிலும் அலையிலும் தெரிந்தது. பிறகு மெல்ல ஒரு குறை வந்து உட்கார்ந்தது. அவன் எல்லாக் கப்பலோடும் பேசினான். அவளோடு பேசவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று சொந்தப் புருஷன் பேசுவதைத் திருட்டுத்தனமாகக் கேட்பது போல இருந்தது. அவன் அவளிடம் பேச வேண்டும் என்றுகூட இல்லை. அவள் கேட்பது அவனுக்குத் தெரிந்தால் போதும்.

புகழ்வேந்தன் ஒரு நாள் கூப்பிட்டான். "அண்ணி, எங்க கப்பல் அந்தக் கரையோரமா போவப் போவுது. ஸ்டேஷனைக் கூப்புட்டு எங்க போறோம் இன்னா ஏத்தியிருக்கோம்னு சொல்லணும், அதான் ரூல். கூடவே ஒரு வார்த்தை போட்டுடறேன். இன்னா சொல்லட்டும்?"

ரோசம்மாள் போன் பக்கம் வாயைக் கொண்டுவந்தாள். "சாப்புட்டானானு கேளுப்பா."

"அவரு பதில் பேசக்கூடாது அத்த," என்றாள் ஜோஸ்பின்.

"அப்ப கேக்காத. நல்ல சேதியா ஒண்ணு சொல்லு. மழையில நம்ம வூட்டு செவுரு வுழுந்ததை எல்லாம் சொல்லித் தொலைக்காத."

ஜோஸ்பின் நல்ல சேதி ஒன்றைத் தேடினாள். சொல்ல வந்ததெல்லாம் நீளமாக இருந்தது, அல்லது அழுகையில் போய் முடிந்தது. கடைசியில் சொன்னாள்: "ஜோஸ்பின் தெனம் கேக்குறானு சொல்லுங்க. அவ்ளோதான்."

"இங்கிலீஷ்ல சொன்னா பக்கத்துல துப்பாக்கியோட நிக்கிறவனுக்குப் புரிஞ்சிடும் அண்ணி. தமிழ்லயே போட்டுடறேன். ஒருத்தனுக்கும் வெளங்காது."

அது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது. ரோசம்மாளுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. விளங்காத பேச்சைக் கேட்டால் அந்தத் துப்பாக்கிக்காரனுக்கு என்ன தோன்றும் என்று மூன்று பேரில் ஒருவரும் நினைக்கவில்லை.

சேதி போய்ச் சேர்ந்த சாயங்காலம் ஜோஸ்பினுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காற்று அதே வடமேற்கு, அலை அதே இரண்டு மீட்டர். ஆனால் வழக்கமாகச் சொல்லின் வாலை விழுங்கிவிடுகிறவன் அன்று ஒவ்வொன்றையும் முழுதாகச் சொன்னான். திருக்கனூர் ரோட்டில் அவளைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டும்போது, காற்றில் அடித்துப்போகாமல் இருக்கத் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பேசுவானே, அந்தக் குரல். படித்து முடித்தபின் மைக்கை உடனே மூடவில்லை. ஒரு மூச்சு வந்தது. பிறகு மணல் சத்தம்.

"இன்னாடி, இன்னைக்கு அலை கம்மியா?" என்றாள் ரோசம்மாள்.

"ஏன் அத்த?"

"உம் மூஞ்சி அப்பிடி கீதே."

மறுநாள் வேறொரு குரல் படித்தது. அவசரமான, இளம் குரல். அதற்கு அடுத்த நாளும் அதே குரல். ஜோஸ்பின் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். புகழ்வேந்தனின் போன் எடுக்கவில்லை, கப்பல் நடுக்கடலுக்குப் போயிருந்தது. பாக்யராஜை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் வழக்கம்போல விசாரித்துச் சொல்கிறேன் என்றான். ரோசம்மாள் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய்வந்து, "நல்லா கேட்டுட்டு வந்தேன், ஒரு புள்ளைய பெத்தவதானே நீயும்னு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். தான் வேலை பார்க்கும் மாத்திரை கம்பெனியில் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும்போதெல்லாம் ஜோஸ்பினுக்கு ஒன்றேதான் ஓடியது. கையில் ஒரு குரல் இருந்தது. அது போதாது என்று நான் வாயைத் திறந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஜோசு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்க இருக்கீங்க?"

"துறைமுகத்துல ஒரு ஷெட்டுல. வெளிநாட்டு ஆளுங்களை எல்லாம் இங்க போட்டு வச்சிருக்காங்க. ஸ்டேஷன்ல இருந்து துரத்திட்டாங்க. தமிழ்ல இன்னா சொன்னான், யாரு கேக்குறதுன்னு பெரிய விசாரணை. எம் பொண்டாட்டி கேக்குறானு சொன்னேன். ஒருத்தனும் நம்பல."

"அடிச்சாங்களா?"

"இல்ல," என்றான், கொஞ்சம் பொறுத்து.

"என்னாலதான்."

"பின்ன? உன்னாலதான்." சிரித்தான். "நாளைக்கு சாயங்காலம் நம்ம கவர்மென்ட் கப்பல் வருதாம். எல்லாரையும் ஏத்திக்கினு போறாங்களாம்."

இத்தனை நாள் காத்திருந்த சொல் வந்துவிட்டது. ஆனாலும் காற்றும் அலையும் படித்த குரல் இதைவிடப் பக்கத்தில் இருந்ததாக அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை உதறினாள்.

"ஜோசு, நேத்து கேட்டியா?"

"கேட்டேன். வேற ஆளு."

"ஆளை வுடு. சத்தம் எப்பிடி இருந்துச்சு? அடியில இரைச்சல் எதனா வந்துச்சா?"

எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. மெஷின் கெடுகிறது என்று தெரிந்தால் அதை அப்படியே போட்டுவிட்டு வர அவனுக்கு மனசு வராது. இரைச்சல் வந்தது. அவன் குரல் நின்ற மறுநாளே தொடங்கி நாளுக்கு நாள் ஏறியது. நேற்றுக் கண்ணிவெடி இருக்கும் இடத்தைச் சொல்லும்போது பாதி எண் அதில் மூழ்கிப்போனது. நன்றாகத்தான் கேட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாளைக்குக் கப்பல் ஏறுவான். அடுத்த வாரம் இந்த வாசலில் பையை இறக்கிவைத்துவிட்டு, முதலில் குளிக்கத் தண்ணீர் கேட்பான். முதுகில் அந்த 'இல்ல'வின் தடம் இருந்தால் அவள் எண்ணெய் போட்டுவிடுவாள்.

ஆனால் புகழ்வேந்தன் அந்தக் கடலில் இருந்தான். தான் ஒருத்திதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம் என்று இத்தனை நாள் அவள் இருந்துவிட்டாள். அங்கே இருட்டுத் தண்ணீரில் போகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதே குரலைக் கேட்கிறார்கள்.

"இரையுதுங்க," என்றாள்.

"எப்பிடி? செஞ்சி காட்டு."

அவள் போனை வாயருகே வைத்து, ம்ம்ம்ம்ம் என்றாள். படுத்திருந்த ரோசம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "இன்னாடி ஆச்சு உனக்கு?"

"இன்னும் கட்டையா இருக்குமா?"

குரலை இறக்கி மறுபடி செய்தாள்.

"விட்டு விட்டு வருதா?"

"இல்ல, ஒரே மாதிரி."

"மெஷின் உள்ள கண்டன்சர் வீங்கிட்டிருக்கும். ரெண்டு நாள் தாங்கினா பெருசு. அப்புறம் மொத்தமா நின்னுடும்."

"அவங்க மெஷினு, அவங்க பாத்துக்கட்டும். நீங்க கப்பல் ஏறுங்க."

"ம்."

"ஏறுவீங்கல்ல?"

"போன் இன்னொருத்தருது, ஜோசு. அம்மாவைப் பாத்துக்க."

மறுநாள் சாயங்காலம் ரோசம்மாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் ஜனங்கள் வரிசையாகக் கப்பல் ஏறுவதைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை. ஜோஸ்பின் மேடையில் போனைச் சாய்த்து வைத்தாள். நீலப் பட்டையை நகர்த்தினாள். வெறும் மணல் சத்தம். நேரமாகியும் ஒருவரும் பேசவில்லை. இத்தனை நாள் பேசு பேசு என்று அவள் வேண்டிக்கொண்ட அந்த நிலையம், இன்றைக்கு ஊமையாகவே கிடக்கட்டும் என்று அவளுக்கு இருந்தது. செத்த மெஷின் என்றால் அவன் கப்பலில் இருக்கிறான். அப்படி நினைத்ததும் புகழ்வேந்தன் முகம் வந்தது. இருந்தும் அந்த வேண்டுதலிலேயே நின்றாள்.

அப்புறம் அந்த இளம் குரல் வந்தது. காற்று வடமேற்கு. அலை இரண்டரை மீட்டர். கண்ணிவெடி இருக்கும் இடத்தின் எண்கள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன. அடியில் இரைச்சலே இல்லை.

"ஏறிட்டானாடி எம் புள்ள?" உள்ளேயிருந்து ரோசம்மாள் கேட்டாள்.

ஜோஸ்பின் போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். படிக்கிறவன் படித்துக்கொண்டே போனான். அவன் நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும், அவனுக்குப் பின்னால் யாராவது நிற்கும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.